பாட்டிலுக்குள் நுரை: வாசகர் கேள்வி பதில்

கொம்புச்சா (சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்த பானம்), புளிப்பு பீர் என்று புளிக்கவைத்த பானங்களைப் பாட்டிலில் அடைத்துப் போட்டிக்குக் கொண்டுபோவது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். பதில்களில் ‘பங்கு’ என்ற அளவு அடிக்கடி வரும். ஒரு லிட்டர் பானத்தில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் அது 1 பங்கு. எடையில் சுமார் 2 கிராம். கடையில் வாங்கும் கோலாவில் 3.5 பங்குக்கு மேல் இருக்கும். லிட்டருக்கு 3.8 கிராம் வெள்ளைச் சர்க்கரை முழுதாகப் புளித்தால் 1 பங்கு கேஸ் கிடைக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் மே மாதம் பானப் போட்டி. பாட்டிலில் அடைக்கும்போது பீருக்கு எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் அட்டவணையைப் பார்த்து, கொம்புச்சாவில் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து 5 நாள் வைத்தேன். ஒரு பாட்டில் அலமாரியிலேயே உடைந்தது. இன்னொன்றைத் திறந்ததும் பாதிக்கு மேல் பீய்ச்சி அடித்துவிட்டது. சர்க்கரையை 4 கிராமாகக் குறைத்தால் சரியாகிவிடுமா?
— மேற்கு மாம்பலம் வாசகி

ஆகாது. சர்க்கரையே சேர்க்காமல் அடைத்திருந்தாலும் 5 நாளில் இதேதான் நடந்திருக்கும்.

பீர் பாட்டிலில் போகும்போது அதிலிருந்த சர்க்கரையை ஈஸ்ட் ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். அடைக்கும்போது நாம் போடுகிற 8 கிராம்தான் அதற்குக் கிடைக்கும் தீனி. அது தீர்ந்ததும் கேஸ் உண்டாவதும் நின்றுவிடும். அதனால்தான் பீருக்கு அட்டவணை செல்லுபடியாகிறது. கொம்புச்சா அப்படியில்லை. லிட்டருக்கு 70 கிராம் சர்க்கரை போட்டு ஆரம்பித்து, புளிப்பும் இனிப்பும் சமமாக இருக்கும் நேரத்தில் எடுத்தால், சுமார் 40 கிராம் இன்னும் மீதி இருக்கும். அது முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் புளித்தால் 10 பங்கைத் தாண்டும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. நீங்கள் மேலே சேர்த்த 8 கிராம், ஈஸ்ட்டைச் சீக்கிரம் கிளப்பிவிட்டதோடு சரி. கொம்புச்சாவுக்கு பிரேக் ஃபிரிட்ஜ்தான். எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது, எந்த நேரத்தில் உள்ளே போனது என்பதுதான் கணக்கு.

சென்னை வெயில் இதை இரண்டு விதத்தில் கெடுக்கிறது. முதலாவது வேகம். குளிர்நாட்டுக் குறிப்புகளில் ‘5 முதல் 7 நாள்’ என்று இருப்பது 20, 22 டிகிரி அறைக்கு. மே மாதம் 33 டிகிரி இருக்கும் நம் சமையலறையில் அதே வேலை ஒன்று, ஒன்றரை நாளில் முடிந்துவிடும். மார்கழியில் 3 நாள் ஆகலாம். இரண்டாவது அழுத்தம். சூடு ஏற ஏறப் பானத்தால் கேஸைப் பிடித்துவைக்க முடியாது. அது பிரிந்து வந்து மூடியை முட்டும். 3 பங்கு கேஸ் உள்ள பாட்டில் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருந்தால் உள்ளே சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம். அதையே 30 டிகிரி அறையில் வைத்தால் சுமார் 50 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிப்பதே 30, 35தான்.

இப்படிச் செய்யுங்கள். பி.ஹெச். (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.0 முதல் 3.3-க்குள் இருக்கும்போது ஸ்கோபியையும் (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்த ஆடை) அடுத்த முறைக்கான உறையையும் எடுத்துவைத்துவிடுங்கள். மீதியைச் சுத்தமான கரண்டியால் அடிவரை மெதுவாக ஒரு கலக்குக் கலக்குங்கள். ஈஸ்ட் பாத்திரத்தின் அடியில்தான் படிந்திருக்கும். கலக்காமல் ஊற்றினால் முதல் பாட்டில் சப்பென்றும் கடைசிப் பாட்டில் வெடிகுண்டாகவும் ஆவது இதனால்தான். பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். மேலே 3 செ.மீ. இடம் விடுங்கள்.

எல்லாம் கண்ணாடியாக இருக்கக் கூடாது. ஒரு பாட்டிலாவது சோடா வந்த பெட் பாட்டிலாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது அழுத்தத்துக்குச் செய்ததல்ல. சோடா பாட்டிலின் அடியில் ஐந்து பாதம் போலக் குமிழ்கள் இருக்கும், பார்த்தாலே தெரியும். அதை வெந்நீரில் கழுவாதீர்கள், சுருங்கிவிடும். பானத்தை ஊற்றி, பக்கங்களை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். இதுதான் உங்கள் சாட்சி பாட்டில். முதல் சில மணி நேரம் நசுங்கியே இருக்கும், பிறகு மெல்ல நிமிரும், பிறகு இறுகும். ஒப்பிட்டுப் பார்க்க, திறக்காத கடைச் சோடா ஒன்றை அதே அறையில் பக்கத்தில் வைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உங்களுடையது கடைச் சோடாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக, ஆனால் விரல் பதியாத இறுக்கத்துக்கு வந்ததும், நடு ராத்திரியானாலும் எல்லாப் பாட்டிலையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அது சுமார் 2.5 பங்கு.

உள்ளே போனதும் திறக்கவும் கூடாது. கேஸ் பானத்தில் முழுதாகக் கரைந்து உட்கார 2 நாள் வேண்டும். 4 டிகிரியில் 2 நாள் இருந்த பாட்டிலை ஊற்றினால் குமிழ்கள் ஊசிமுனை அளவில், டம்ளரின் அடியிலிருந்து கோடு கோடாகக் கிளம்பும். இரண்டு மணி நேரம் மட்டும் குளிர வைத்ததில் பெரிய குமிழ்களாக ஒரே மூச்சில் பொங்கி அடங்கிவிடும்; வாயில் வைக்கும்போது தண்ணீராக இருக்கும்.

கண்ணாடி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கிளிப் மூடி போட்ட சதுர அலங்கார பாட்டில்கள் எண்ணெய் வைக்கத்தான் லாயக்கு. தட்டையான பக்கமும் மூலையும்தான் முதலில் விடும். சாஸ், தேன், ஜூஸ் வந்த பாட்டில்களும் வேண்டாம். உருண்டையான, அழுத்தத்துக்கென்றே விற்கும் தடித்த பாட்டில் மட்டும் வாங்குங்கள். வெளியே இருக்கும் நேரம் முழுக்க மூடி போட்ட பெட்டிக்குள், மேலே தடித்த துண்டு போர்த்தி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஒரே நாளில், ஒரே பாத்திரத்துக் கொம்புச்சாவில் நாலு பாட்டிலுக்கு இஞ்சியும் நாலு பாட்டிலுக்கு நன்னாரி சர்பத்தும் சேர்த்தேன். இஞ்சியில் கேஸ் ஜம்மென்று வந்தது. நன்னாரியில் நாலு நாளாகியும் ஒன்றுமில்லை. நன்னாரிக்கு ஈஸ்ட்டைக் கொல்லும் குணம் உண்டா?
— திருவான்மியூர் வாசகர்

நன்னாரி வேர் மேல் பழி போடாதீர்கள். சர்பத் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 211 அல்லது 202 என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவது சோடியம் பென்சோயேட், இரண்டாவது பொட்டாசியம் சார்பேட். பானம் எவ்வளவு புளிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக இவை ஈஸ்ட்டை முடக்கும். பி.ஹெச். 3-ல் கேட்கவே வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் வேரை வாங்கி, நடுத் தண்டை நீக்கிவிட்டுத் தட்டி, வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றைச் சேருங்கள். மணமும் சர்பத்தைவிட நின்று வரும்.

இஞ்சி வேகமாக வந்ததில் ஆச்சரியமில்லை. அதன் தோலிலேயே காட்டு ஈஸ்ட் உண்டு. துருவலைப் போடாமல் பிழிந்த சாறாகச் சேருங்கள். மாம்பழத்துக்கும் இதே பேச்சுதான். லிட்டருக்கு 50 கிராம் பங்கனப்பள்ளிக் கூழில் 7 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். கேஸுக்கு அது தாராளம். ஆனால் நாரும் கூழும் மிதந்தால், திறந்த நொடியில் ஒவ்வொரு துணுக்கின் மேலும் குமிழ் பிறந்து மொத்தமும் கழுத்து வழியே பொங்கும். கேஸ் அளவு சரியாக இருந்தும் நடுவர் மேல் தெறிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள்.

நன்னாரியும் இல்லை, பென்சோயேட்டும் இல்லை, ஆனாலும் கேஸ் இல்லை என்றால் மூடியைச் சோதியுங்கள். கிளிப் மூடியின் ரப்பர் வாஷர் ஒரு வருடத்தில் தட்டையாகிவிடும். ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் வினிகரும் போட்டு உடனே மூடி, பாட்டிலின் கழுத்தைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழ் வந்தால் வாஷரை மாற்றுங்கள்.

வீட்டில் புளிப்பு பீர் செய்து பார்க்க ஆசை. ஈஸ்ட், மால்ட் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. செய்யலாமா? கொம்புச்சாவிலும் ஆல்கஹால் உண்டாமே, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?
— அண்ணா நகர் வாசகர்

பீர் வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்பதால் விலக்குக் கிடையாது.

கொம்புச்சா கேள்வி முக்கியமானது. பலர் இதை யோசிப்பதில்லை. திறந்த பாத்திரத்தில் ஈஸ்ட் ஆல்கஹாலை உண்டாக்க, பாக்டீரியா காற்றின் உதவியோடு அதைப் புளிப்பாக மாற்றிக்கொண்டே இருக்கும். மூடிய பாட்டிலில் காற்று இல்லை. ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும், ஆல்கஹால் அப்படியே தங்கும். பாட்டிலுக்குள் உண்டாகும் ஒவ்வொரு பங்கு கேஸோடும் சுமார் 0.26 சதவீத ஆல்கஹால் சேர்கிறது. அதாவது 2 பங்கு ஏறினாலே 0.5 சதவீதம். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானம் என்று எண்ணத் தொடங்கும் கோடும் அந்த 0.5-தான். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கப்போகும் போட்டி என்றால் பாட்டிலில் புளிக்கவைக்காமல் கேஸை வெளியிலிருந்து ஏற்றுங்கள். முதல் புளிப்பில் உண்டான சிறு அளவு மட்டும் இருக்கும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் கொடுக்காமல் இருப்பதே சரி.

ஏற்றும் முறை: வடிகட்டிய பானத்தை 2 முதல் 4 டிகிரிக்குக் குளிரவைத்து, சோடா பெட் பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, கேஸ் ஏற்றுவதற்கான வால்வு மூடியைத் திருகுங்கள். உணவுத் தரக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ரெகுலேட்டரை 30 பி.எஸ்.ஐ.யில் வைத்து இணைத்து, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கேஸ் உள்ளே போகும் ‘உஸ்’ சத்தம் அடங்கும். கழற்றி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீருக்கென்று விற்கும் வீட்டுச் சோடா இயந்திரத்தில் கொம்புச்சாவை நேரடியாக வைக்காதீர்கள்; நுரை மேலேறி வால்வை அடைத்துவிடும். உலர் பனிக்கட்டித் துண்டைப் போட்டு மூடினால் கேஸ் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது வெடிகுண்டு.

என் தம்பி அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் செய்கிறான். அங்கே அதற்கு அனுமதி உண்டு. ப்ரெட்டனோமைசீஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் புளிப்பைத் தரும் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்த்து 14 மாதம் வைத்த 20 லிட்டர் புளிப்பு பீர் இருக்கிறது. போட்டிக்கு அனுப்பப்போகிறான். போன முறை ஒரே தொட்டியிலிருந்து அடைத்ததில் சில பாட்டில் சப்பென்றும், சில பொங்கியும் போயின. நடுவர்கள் ‘தானிய வாடை’ என்றும் எழுதியிருந்தார்கள். உங்கள் பகுதியைத் தவறாமல் படிப்பவன், அவனுக்காகக் கேட்கிறேன்.
— வேளச்சேரி வாசகி

தம்பிக்கு நேராகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் ஹைட்ரோமீட்டர், அதாவது பானத்தின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டு அளக்கும் கருவி. சர்க்கரை தீரத் தீர அதில் எண் இறங்கும். 4 வார இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் அடைக்கலாம். சாதாரண ஈஸ்ட் கைவிட்ட கடினச் சர்க்கரையையும் ப்ரெட் (ப்ரெட்டனோமைசீஸின் சுருக்கம்) மாதக்கணக்கில் மென்றுகொண்டே இருக்கும். 0.001 இறங்கினால் சுமார் அரைப் பங்கு கேஸ். 1.008-ல் அடைத்த பீர் பாட்டிலுக்குள் 1.004-க்கு இறங்கினால், நீங்கள் திட்டமிட்டதற்கு மேல் 2 பங்கு. சாதாரண பீர் பாட்டிலுக்கு 3 பங்குவரைதான் பாதுகாப்பு.

அடுத்தது சர்க்கரை. 2.8 பங்கு இலக்கு வையுங்கள். 20 டிகிரியில் இருந்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.8 பங்கு கரைந்திருக்கும். மீதி 2 பங்கு. 2 × 3.8 × 20 என்றால் 152 கிராம் வெள்ளைச் சர்க்கரை. சோளச் சர்க்கரை என்றால் 175 கிராம். டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கப் அளவு வேண்டாம்.

சில சப்பை, சில பொங்கல் என்பதற்குக் காரணம், சர்க்கரை சமமாகக் கலக்காததுதான். கால் லிட்டர் தண்ணீரில் சர்க்கரையைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பாட்டிலில் நிரப்பும் வாளியின் அடியில் முதலில் பாகு, அதன் மேல் பீர். குழாயின் முனை வாளியின் அடியில், சுவரை ஒட்டிப் படுத்திருந்தால் பீர் சுழன்றுகொண்டே ஏறும். பாகு தண்ணீரைவிடக் கனம் என்பதால் சுழற்சியை மட்டும் நம்பக் கூடாது. சுத்தம் செய்த நீளக் கரண்டியால், மேற்பரப்பு கலங்காமல் அடியிலிருந்து பத்து முறை தூக்கிக் கிளறுங்கள். பாதி பாட்டில் நிரம்பியதும் இன்னும் ஒருமுறை.

ஈஸ்ட் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். 14 மாதம் புளிப்பில் கிடந்த ஈஸ்ட்டில் உயிரோடு இருப்பது சொற்பம். ப்ரெட் மட்டும் இருந்தால் கேஸ் ஏற மாதங்கள் ஆகும். ஷாம்பெயின் ஈஸ்ட்டோ பாட்டிலில் கேஸ் ஏற்றவென்றே விற்கும் ஈஸ்ட்டோ 20 லிட்டருக்கு 2 கிராம் போதும். காய்ந்த ஈஸ்ட்டை நேராகப் பி.ஹெச். 3.2 பீரில் தூவினால் பெரும்பகுதி அதிர்ச்சியிலேயே செத்துவிடும். 20 மி.லி. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதில் 20 மி.லி. பீர் சேர்த்துக் கால் மணி நேரம், பிறகு 40 மி.லி. சேர்த்து இன்னொரு கால் மணி நேரம் வையுங்கள். புளிப்புக்குப் பழகிய பிறகு வாளியில் ஊற்றுங்கள்.

‘தானிய வாடை’ என்று நடுவர்கள் எழுதியது பெரும்பாலும் டெட்ராஹைட்ரோபிரிடின் என்ற வேதிப்பொருள். மூக்கில் தெரியாது. விழுங்கிய சில நொடி கழித்து நாக்கின் பின்பக்கம் காலை உணவுத் தானியம் மென்றதுபோல, மோசமானால் எலி வளை போல வரும். பாட்டிலில் அடைக்கும்போது காற்று பட்டால் இந்தப் பாக்டீரியாக்களும் ப்ரெட்டும் இதை உண்டாக்கும். அதே ப்ரெட் காலப்போக்கில் இதைத் தின்றும் தீர்த்துவிடும். அதற்கு 2, 3 மாதம் வேண்டும். பீர் நூல் நூலாக, கஞ்சிபோல வழவழத்தாலும் இதே மருந்து: காத்திருப்பது. ஆகவே போட்டித் தேதிக்கு 3 மாதம் முன்பே அடையுங்கள். 20, 22 டிகிரியில் 4 வாரம் வைத்து ஒன்றைத் திறந்து பாருங்கள். மாதம் ஒன்று சுவையுங்கள். பழுப்பு பாட்டில், எழுத்தில்லாத மூடி, லேபிள் இல்லாமல் என்றுதான் பெரும்பாலான போட்டிகள் கேட்கும், விதியைப் படித்துவிடுங்கள்.

எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதிலும் மதிப்பெண் போகும். பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பான பி.ஜே.சி.பி.யின் 2021 வழிகாட்டியில், ப்ரெட்டும் பாக்டீரியாவும் சேர்ந்த புளிப்பு பீருக்கு 28பி. பழமோ மரச் சுவையோ சேர்ந்தால் 28சி. பெர்லினர் வைஸ், கோஸே, ஃபிளாண்டர்ஸ் சிவப்பு போன்ற ஐரோப்பிய வகைகளுக்கு 23. வாய் உணர்வுக்கு 50-ல் 5 மதிப்பெண்தானே என்று கேஸை அலட்சியம் செய்யாதீர்கள். மணத்துக்கு 12, சுவைக்கு 20. அந்த மணத்தை டம்ளருக்கு மேலே தூக்கிக்கொண்டு வருவதே குமிழ்கள்தான்.

பழைய கோலி சோடா பாட்டில் இரண்டு டஜன் வீட்டில் இருக்கிறது. கொம்புச்சாவை அதில் கொடுத்தால் நடுவர்களுக்குப் பிடிக்கும். அடைக்கலாமா?
— ராயபுரம் வாசகர்

அந்தப் பாட்டிலில் மூடி என்பதே உள்ளிருக்கும் அழுத்தம்தான். கேஸ் கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்திப் பிடிக்கிறது. சோடா கடையில் கேஸ் ஏறிய தண்ணீரை நிரப்பி, பாட்டிலைக் கவிழ்த்து, கோலி ரப்பரில் உட்கார்ந்த பிறகு எடுப்பது அதற்குத்தான். கேஸ் இல்லாத கொம்புச்சாவை ஊற்றினால் கோலி கீழேயே கிடக்கும். பிறகு உண்டாகும் கேஸ் வாய்வழியே போய்விடும். கவிழ்த்தே இரண்டு நாள் வைத்தாலும் மண்டி முழுக்கக் கழுத்தில் சேர்ந்து முதல் டம்ளரிலேயே விழும். பெட் பாட்டிலில் கேஸ் ஏற்றிக் கொண்டுபோய், கோலி சோடா பாட்டிலை மேஜையில் அழகுக்கு வையுங்கள்.

பெரம்பூரிலிருந்து அடையாறுக்கு மத்தியானம் ஆட்டோவில் 12 பாட்டில் கொண்டுபோக வேண்டும். எப்படி?
— பெரம்பூர் வாசகி

மீன் கடைகளில் பயன்படுத்தும் தடித்த தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின இரவே பெட்டிக்குள் ஐஸ் போட்டுக் குளிரவைத்துவிடுங்கள். பாட்டில்கள் நேராக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் மண்டி பக்கவாட்டில் படிந்து, நிமிர்த்தும்போது கலங்கும். இடையிடையே நனைத்துப் பிழிந்த துண்டு, மேலே உறைந்த ஐஸ் பாக்கெட். பெட்டி ஆட்டோவின் தரையில் வேண்டாம், மடியில் இருக்கட்டும். குலுக்கலைப் பாதி உடம்பு வாங்கிக்கொள்ளும்.

போனதும் ஒரு மணி நேரம் பெட்டியைத் தொடாதீர்கள். நடுவர் முன்னால் மூடியைக் கால் திருகு மட்டும் திருப்பி, ‘உஸ்’ அடங்கும்வரை பொறுங்கள். நுரை மேலே கிளம்பினால் உடனே இறுக்கி, அரை நிமிடம் கழித்து மறுபடி. டம்ளரைச் சாய்த்து ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் அடி மண்டி அலைபோல எழும்பிவிடும். கடைசி 2 செ.மீ. பாட்டிலிலேயே இருக்கட்டும்.